பதுங்கலின் விலை: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கள்வனின் ஐம்பது ஆண்டுகள்

60 அடி நீளத்தில் ஒரு நடைவழி. கடைசியில் பூட்டிய கதவு, அதன் முன்னால் ஒரு காவலன். அவன் தலைக்கு மேலே சுவரில் ஒரு தீப்பந்தம் எரிகிறது. சரிபாதி தூரத்தில், ஓர் ஆள் ஒளிந்துகொள்ளும் அகலத்துக்கு ஒரு கல்தூண். இந்தக் கோடியில் இருட்டில் நிற்கும் கள்வன், காவலனுக்குத் தெரியாமல் அவனருகே போய்ச் சேர வேண்டும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் எந்தக் குழுவும் இப்படியொரு நடைவழியைக் கடந்து வந்திருக்கும். இது முடியுமா, எந்த அளவுக்கு முடியும் என்ற கேள்விக்கு அந்த விளையாட்டின் விதிநூல்கள் சொன்ன விடைகளோ பதிப்புக்குப் பதிப்பு மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. 1978 நூலின்படி, இப்போதுதான் தொடங்கும் முதல் லெவல் கள்வனுக்கு, சத்தமும் கேட்காமல் உருவமும் தெரியாமல் போக, நூற்றுக்கு இரண்டு வாய்ப்புகூட இல்லை. 2014 நூலின்படி அதே முதல் லெவல் கள்வன் தூணுக்குப் பின்னால் ஒளிய நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாத வாய்ப்பு. இதை விதி எழுதியவர்களின் தாராளம் என்று மட்டும் பார்ப்பது போதாது என்பது என் எண்ணம். வாய்ப்பு ஏற ஏற, பதுங்குவதற்கு ஆடுபவர் கொடுத்துவந்த விலை ஒவ்வொன்றாகக் கழன்றுபோனது. அந்த விலைகளில் முதன்மையானது மெதுவாக நகர்வது.

ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்காகச் சில வரிகள். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். அந்தக் கற்பனை உலகத்தையும், அதிலுள்ள காவலர்கள், அரக்கர்கள் அனைவரையும் நடத்துபவர் டன்ஜன் மாஸ்டர். பாத்திரம் செய்ய நினைப்பதை ஆடுபவர் வாய்விட்டுச் சொல்கிறார். முடிவு நிச்சயமில்லாத இடத்தில் பகடை உருள்கிறது. சண்டை என்றால் எண்கள் தெளிவானவை: அடி பட்டதா, எவ்வளவு பட்டது. பதுங்கல் அப்படியல்ல. அது யாருக்கு என்ன தெரியும் என்பதைப் பற்றியது. மேசையில் எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவரை மட்டும் காணாதவராகப் பாவிப்பது எந்த விதிநூலுக்கும் கடினமான வேலைதான்.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் எழுதி, விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவிலிருந்து டிஎஸ்ஆர் நிறுவனம் வெளியிட்ட முதல் தொகுப்பில் கள்வனே கிடையாது. வீரன், மந்திரவாதி, மதகுரு என்று மூன்று வகைதான். ஆனாலும் பதுங்கல் இருந்தது. இரு தரப்பும் எதிர்ப்படும்போது ஆறு முகப் பகடையில் 1 அல்லது 2 விழுந்த தரப்பு திகைத்து நின்றுவிடும். மற்றதெல்லாம் பேச்சில் முடிவானது. காலணியைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாகப் போகிறேன் என்று வீரன் சொன்னால், அதன் பலன் என்ன என்பதை டன்ஜன் மாஸ்டர் அந்த இடத்திலேயே தீர்மானித்தார்.

கள்வன் வந்தது அதே ஆண்டில். கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் ஏரோ ஹாபிஸ் என்ற கடையில் கூடி ஆடியவர்கள் அப்படியொரு பாத்திரத்தை உருவாக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். செய்தி தொலைபேசி வழியாகக் கைகாக்ஸின் காதுக்கு எட்டியது. அவர் தம் போக்கில் விதிகள் எழுதி, முதலில் ஒரு சிறு செய்திமடலிலும், 1975-இல் கிரேஹாக் என்ற துணைநூலிலும் வெளியிட்டார். இலக்கிய முன்னோடிகளும் இருந்தார்கள்: ஃபிரிட்ஸ் லைபரின் கிரே மவுசர், ஜாக் வான்ஸின் குகல், ரோஜர் செலாஸ்னியின் ஜாக் ஆஃப் ஷாடோஸ். மூவரின் நூல்களும் 1979-இல் வந்த டன்ஜன் மாஸ்டர் கையேட்டின் வாசிப்புப் பட்டியலில் இடம்பெற்றவை. நிழலில் கரைந்துபோகும் கள்வன் என்ற படிமம் இவர்களிடமிருந்து வந்தது. அதைத் தாளில் எழுதியபோது சதவீத அட்டவணையாக இறங்கியது.

அந்த அட்டவணையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 1978-இல் வந்த அட்வான்ஸ்ட் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில், முதல் லெவல் கள்வன் ஓசையின்றி நகர 15 விழுக்காடு, நிழலில் ஒளிய 10 விழுக்காடு. இரண்டும் தனித்தனி உருட்டல்கள். காவலனுக்குக் காதும் உண்டு, கண்ணும் உண்டு என்பதால் இரண்டிலும் வெல்ல வேண்டும். பெருக்கினால் 1.5 விழுக்காடு. பத்தாவது லெவலை எட்டிய, ஊரே பெயர் சொல்லி அஞ்சும் கள்வனுக்கு 78-உம் 63-உம். பெருக்கினால் 49. ஒரு நாணயத்தைச் சுண்டிவிட்டு நம்புவதற்கும் கொஞ்சம் குறைவு. 1981-இல் வந்த எளிய பேசிக் பதிப்பில் இன்னொரு முரண்: வெட்டவெளிப் புதரில் ஹாஃப்லிங் என்ற குள்ள இனத்தவர் ஒளிய 90 விழுக்காடு, நிலவறை நிழலில் அசையாமல் நின்றால் மூன்றில் ஒரு பங்கு. தொழிலே அதுவாகக் கொண்ட கள்வனுக்கு அதே நிழலில் 10.

இந்த எண்களைவிடப் பெரிய விளைவு ஒன்று நேர்ந்தது. பதுங்குவது ஒரு வகுப்பின் திறமை என்று அச்சானதும், மற்றவர்களுக்கு அது வராது என்ற எண்ணம் மேசைகளில் பரவியது. நேற்றுவரை காலணியைக் கழற்றி நடந்த வீரன், இன்று அது கள்வனின் வேலை என்று ஒதுங்கினான். பழைய பாணி ஆட்டத்தை விரும்புகிறவர்கள் இதற்கு நல்ல சமாதானம் ஒன்று சொல்வதுண்டு: யாரும் சத்தம் குறைத்து நடக்கலாம், யாரும் பீப்பாய்க்குப் பின்னால் ஒளியலாம், கள்வனுக்கு மட்டும் உரியது, ஒளிய எதுவுமே இல்லாத வெறும் நிழலில் மறைவதும், காய்ந்த சருகின்மேல்கூட ஓசையின்றிக் கால் வைப்பதும். அந்தச் சதவீதம் சாதாரண முயற்சி தோற்ற பிறகு கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு. எனக்கு இந்த வாசிப்பு பிடிக்கும். 10 விழுக்காடு என்ற எண்ணுக்கு அப்போதுதான் பொருள் கிடைக்கிறது. ஆனால் நூல் அதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. சொல்லாததால் ஒரு தலைமுறைக் கள்வர்கள் முதல் அறையிலேயே பிடிபட்டுச் செத்தார்கள்.

இனி நகர்வுக்கு வருவோம். இந்த விளையாட்டு போர்க்களப் பொம்மை ஆட்டங்களின் வழி வந்தது. ஆகவே வேகம் அங்குலத்தில் எழுதப்பட்டது: நிலவறைக்குள் ஓர் அங்குலம் என்றால் 10 அடி, வெளியில் 10 கஜம். தகட்டுக் கவசக்காரனுக்கு 6 அங்குலம், தோல் கவசக் கள்வனுக்கு 12. வேகமும் சத்தமும் கவசமும் தொடக்கத்திலேயே ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன.

அந்தக் கயிற்றை இறுக்கிப் பிடித்தது 1989-இன் இரண்டாம் பதிப்பு. ஓசையின்றி நகரும் கள்வனின் வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்று அது வெளிப்படையாக விதித்தது. ஒரு நிமிடச் சுற்றில் நிலவறைக்குள் 120 அடி நடக்கக்கூடியவன், பதுங்கினால் 40 அடி. நம் நடைவழியைக் கடக்க இரண்டு சுற்று, அதாவது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் காவல் மாறலாம், தீப்பந்தம் அணையலாம், தோழர்கள் பொறுமையிழக்கலாம். கூடவே அந்தப் பதிப்பு, தொடக்கத்தில் 60 புள்ளிகளைக் கள்வன் விரும்பியபடி பகிர்ந்துகொள்ளவும் விட்டது. 30-ஐ ஓசையின்மைக்கும் 30-ஐ ஒளிதலுக்கும் போட்டால் 40 விழுக்காடும் 35 விழுக்காடும் வரும். பெருக்கினால் 14. முன்பிருந்ததைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. வாய்ப்பைக் கூட்டி, விலையையும் கூடவே எழுதிவைத்த பதிப்பு அது.

விஸர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2000-இல் வெளியிட்ட மூன்றாம் பதிப்பில் தீஃப் என்ற வகுப்பு ரோக் ஆனது. சதவீதம் போய் 20 முகப் பகடை வந்தது. கள்வனின் ஒளிதல் உருட்டலுக்கு எதிராகக் காவலனின் பார்வை உருட்டல். ஓசையின்மைக்கு எதிராகச் செவி உருட்டல். பாதி வேகத்துக்குள் நகர்ந்தால் கழிவு இல்லை, அதற்கு மேல் போனால் 5 கழிவு, ஓடினால் 20. இந்த ஏற்பாடு எவ்வளவு நேர்த்தியானது என்பதைக் கணக்குப் போட்டால்தான் தெரியும். 2003 திருத்தப் பதிப்பில் ஒரு நல்ல முதல் லெவல் ரோக்குக்கு இரண்டு திறமையிலும் கூட்டல் 7 இருக்கும். காவலனுக்குக் கூட்டல் ஒன்றும் இல்லை என்று கொள்வோம். தூரத்துக்கான சலுகையை விட்டுவிட்டால், பாதி வேகத்தில் இரண்டு உருட்டலிலும் ஒருசேர வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 65 விழுக்காடு. முழு வேகத்தில் அது 38. நம் 60 அடியை 12 விநாடியில் கடப்பதா, 6 விநாடியில் கடப்பதா என்பதைக் கள்வன் தானே முடிவு செய்கிறான். அந்த 6 விநாடிக்கு 27 விழுக்காட்டை விலையாகத் தருகிறான். பதுங்கலில் ஆடுபவரின் கையில் உண்மையான முடிவைக் கொடுத்த விதி இதுவே என்பேன்.

அதே பதிப்பு வேறொன்றைத் தொலைத்தது: முதுகை. 1978 கள்வன் பின்னாலிருந்து குத்தினால் குறிக்கு 4 கூடும். காயம் தொடக்கத்தில் இரட்டிப்பு, லெவல் ஏற ஏற மும்மடங்கு, நான்மடங்கு. பின்னால் என்றால் நிஜமாகவே பின்னால். காவலன் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்பது மேசையில் கேட்கப்பட்ட கேள்வி. மூன்றாம் பதிப்பு கட்டத் தாளில் ஒவ்வொருவருக்கும் 5 அடிச் சதுரம் ஒன்றைக் கொடுத்து, முகத்திசை என்பதை எடுத்துவிட்டது. சண்டையில் எல்லோரும் சுழன்றுகொண்டே இருப்பதால் எல்லாப் பக்கமும் பார்ப்பதாகக் கொள்க என்பது அதன் நியாயம். வாள்வீச்சுக்கு அது பொருந்தும். நடைவழியில் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கும் காவலனுக்குப் பொருந்தாது. முகமில்லாத காவலன் 360 பாகையும் பார்க்கிறான். அவன் பின்னால் நழுவிப் போவது என்ற பேச்சுக்கே விதியில் இடமில்லாமல் போயிற்று. முதுகுக்குப் பதிலாக, எதிரி தயாராகாத தருணமும், இரு பக்கமும் ஆள் நின்று நெருக்கும் நிலையும் வந்தன. 2014-இல் இது இன்னும் எளிதாகி, எதிரியின் பக்கத்தில் 5 அடிக்குள் கள்வனின் தோழன் ஒருவன் நின்றாலே போதும், ஸ்னீக் அட்டாக் எனும் பெரிய அடி விழும் என்றானது. கள்வன் தன் பெரிய அடியை அடிக்க ஒளிய வேண்டிய தேவையே இல்லை. 2004-இன் அன்எர்த்ட் ஆர்க்கானா என்ற துணைநூலும், 2014-இன் டன்ஜன் மாஸ்டர் கையேடும் முகத்திசையை விருப்ப விதியாகத் திருப்பிக் கொடுத்தன. எடுத்தாண்ட மேசைகள் குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

நான்காம் பதிப்பை இங்கே விரைவாகக் கடந்துவிடலாம். 2008-இல் அது ஒளிதலையும் ஓசையின்மையையும் ஸ்டெல்த் என்ற ஒரே திறமையாக்கியது, காவலனின் கவனத்தை உருட்டாத ஒரு நிலையான எண்ணாக மாற்றியது. இரண்டும் நல்ல வேலைகள். பதுங்கல் வாசகத்தை மட்டும் திருத்தி எழுத வேண்டியதாயிற்று; 2009-இல் வந்த இரண்டாம் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் திருத்திய வடிவம் இருக்கிறது.

2014-இன் ஐந்தாம் பதிப்பில்தான் தராசு முழுவதுமாகச் சாய்ந்தது. நூலிலுள்ள சாதாரணக் காவலனின் கவன எண் 12. முதல் லெவல் ரோக்கின் ஸ்டெல்த் கூட்டல் 7 ஆக இருக்கலாம். பகடையில் 5 விழுந்தாலே போதும்: 80 விழுக்காடு. நம் தீப்பந்தம் 20 அடிக்கு நல்ல வெளிச்சமும், அடுத்த 20 அடிக்கு மங்கல் வெளிச்சமும் தரும். தூண் மங்கலுக்குள் இருப்பதால் காவலனின் எண்ணில் இன்னும் 5 குறையும், அப்போது தோற்கவே முடியாது. 11-ஆவது லெவலில் ரோக்குக்கு வரும் ஒரு திறமை, பகடையில் 10-க்குக் கீழே விழுவதையெல்லாம் 10 ஆக்கிவிடுகிறது. தேர்ந்த ரோக் அதன்பின் 23-க்குக் கீழே இறங்குவதில்லை. 1978-இன் பத்தாம் லெவல் கள்வனின் 49 விழுக்காட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் லெவலிலேயே வரும் கன்னிங் ஆக்‌ஷன் என்ற ஏற்பாட்டால், 30 அடியை முழு வேகத்தில் நடந்து, வில்லால் ஓர் அம்பும் விட்டு, அதே ஆறு விநாடிக்குள் ஒளிந்தும் கொள்ளலாம். வேகத்துக்கும் மறைவுக்கும் இருந்த முடிச்சு சண்டைக்குள் அவிழ்ந்துபோயிற்று. நெடும்பயணத்தில் மட்டும் அது எஞ்சியிருக்கிறது: மெதுநடையில், மணிக்கு 2 மைல் வேகத்தில் போனால்தான் குழு பதுங்கிச் செல்ல முடியும்.

பகடையில் தோல்வி அரிதானதும் சச்சரவு வேறு இடத்துக்கு மாறியது. ஒளிய முடிந்ததா என்ற கேள்வி போய், ஒளிய இங்கே அனுமதி உண்டா என்ற கேள்வி வந்தது. நம் நடைவழியில் தூண் வரை எல்லாம் சுலபம். அதற்கப்பால் கடைசி 20 அடி வெளிச்சத்தில், மறைவே இல்லாமல் கிடக்கிறது. ஒளிவிடத்தை விட்டு வெளியே வந்து எதிரியை நெருங்கினால் பொதுவாக அவன் பார்த்துவிடுவான், அவன் கவனம் வேறெங்காவது இருந்தால் டன்ஜன் மாஸ்டர் விட்டுக்கொடுக்கலாம் என்கிறது 2014 நூல். முதலில் அச்சான வாசகத்தைப் பின்னர்த் திருத்தி, ஒளிவதற்குச் சூழல் ஏற்றதா என்பதை டன்ஜன் மாஸ்டரே முடிவு செய்வார் என்றும் சேர்த்தார்கள். 2024 நூல் இதைக் கறாராக்கப் பார்க்கிறது: நல்ல மறைவில், எதிரியின் பார்வைக்கு வெளியே இருந்துகொண்டு 15 எடுத்தால், கண்ணுக்குப் புலப்படாத நிலை கிடைக்கும், கிசுகிசுப்பைவிட உரக்கச் சத்தமெழுப்பினாலோ, தாக்கினாலோ, எதிரி கண்டுபிடித்தாலோ அது போய்விடும். அந்த ரோக் வெளிச்சத்தில் நடந்து வரும்போது காவலன் தலை நிமிர்ந்து பார்த்தால் அது கண்டுபிடித்ததாகுமா? இதை நூல் தெளிவாகச் சொல்லவில்லை; இன்னும் வாதம் நடக்கிறது. இவ்வளவு எழுதியும் ஒரு காவலன் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறான் என்பதை எழுதாமல் விட்டதன் பலன் இது.

கழன்றுபோன இன்னொரு விலை, நிச்சயமின்மை. நடுவர் ஒருவர் மட்டும் முழு உண்மையை அறிந்திருப்பது இந்த ஆட்டக் குடும்பத்தின் பழைய வழக்கம். பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட கிரீக்ஸ்ஸ்பீல் என்ற போர்ப்பயிற்சி ஆட்டத்தில், எதிரிக்குத் தெரியாத படைகளின் காய்களை நடுவர் பலகையில் வைக்கவே மாட்டார். 1981 பேசிக் பதிப்பில் கள்வனின் பதுங்கல் உருட்டலை டன்ஜன் மாஸ்டர் மறைவாக உருட்டுவார். தோற்றாலும் கள்வன், தான் மறைந்திருப்பதாகவே நம்பிக்கொண்டு நடப்பான். இன்று பெரும்பாலான மேசைகளில் ஆடுபவரே வெளிப்படையாக உருட்டுகிறார். 3 விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர், இருங்கள், நான் போகவில்லை என்று பின்வாங்குவது மனித இயல்பு. மறைவாக உருட்டும்போது அந்த வசதி இல்லை. ஒவ்வோர் அடியும் நிஜமான அடியாகிறது.

பைசோ நிறுவனத்தின் பாத்ஃபைண்டர் என்ற வேறொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்பு (2019), வேகம், முகத்திசை, நிச்சயமின்மை என்ற மூன்று விலைகளில் இரண்டை மீட்டிருக்கிறது. பதுங்கி நகர்ந்தால் பாதி வேகம். உருட்டல் நடத்துபவரின் கையில், ரகசியமாக. அதைவிட முக்கியம், தெரிந்தது தெரியாதது என்ற இரண்டுக்கு நடுவே அது படிகளை வைத்தது: கண்முன் நிற்பது, இருக்கும் இடம் தெரிந்தும் உருவம் தெரியாதது, இடமே தெரியாதது, ஆள் இருப்பதே தெரியாதது. உருட்டலில் சாதாரணமாகத் தோற்றவன் உடனே பிடிபடுவதில்லை. ஒரு படி இறங்குகிறான். காவலன் அந்தத் தூண் பக்கம் ஏதோ இருக்கிறது என்று ஈட்டியை நீட்டிக்கொண்டு வருகிறான். கதைக்கு உயிர் வருவது இந்த இடத்தில்தான். என்றாலும், நகர்வின் முடிவில் மறைவு ஒன்று இருந்தாக வேண்டும் என்பதால் நம் கடைசி 20 அடி இங்கேயும் கடினமாகவே இருக்கிறது. முகத்திசையை இந்த நூலும் திருப்பித் தரவில்லை.

ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் த டார்க் (2017) வேறு வழியில் போயிற்று. அதில் எல்லோருமே கள்வர்கள். அடிக்கணக்கு இல்லை, கட்டத் தாள் இல்லை. பதுங்கிப் போவது திட்டம் என்றால் எந்த வழியாக நுழைகிறீர்கள் என்பதை மட்டும் சொன்னால் போதும். ஒரே உருட்டலில் ஆட்டம் காரியத்தின் நடுவே போய் விழும். குழுவாகப் பதுங்கும்போது எல்லோரும் உருட்டி, இருப்பதில் சிறந்ததை எல்லோருக்கும் எடுத்துக்கொள்ளலாம். தோற்ற ஒவ்வொருவருக்காகவும் தலைவன் தன் மன அழுத்தக் கணக்கில் ஒன்று ஏற்றிக்கொள்ள வேண்டும். தகட்டுக் கவச வீரனைப் பின்னால் விட்டுவிட்டுக் கள்வன் மட்டும் அரை மணி நேரம் ஆட, மற்ற மூவரும் சும்மா உட்கார்ந்திருக்கும் பழைய தொல்லைக்கு நான் அறிந்த சிறந்த தீர்வு இது. விலை இங்கே வேகத்திலிருந்து உடம்புக்கும் மனத்துக்கும் மாறியிருக்கிறது. ஆனால் விலை இருக்கிறது.

ஐந்தாம் பதிப்பை ஆடுகிறவர்கள் நூலை மாற்றத் தேவையில்லை. நான்கு பழக்கங்களைச் சேர்த்துக்கொண்டால் போதும். முதலாவது, உருட்டும் முன் வேகத்தைக் கேளுங்கள். பாதி வேகம் என்றால் அப்படியே உருட்டட்டும், முழு வேகம் என்றால் 5 கழிக்கட்டும். இரண்டாவது, சுற்றுக்கு ஒருமுறை உருட்டச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறையும் 70 விழுக்காடு வாய்ப்புள்ளவன் நான்கு முறை உருட்டினால் நான்கிலும் தப்பும் வாய்ப்பு 24 விழுக்காடுதான். லூக் கிரேனின் பர்னிங் வீல் விளையாட்டு சொல்வது போல, சூழ்நிலை மாறும்வரை ஒரே உருட்டல் நிற்கட்டும். மூன்றாவது, அந்த உருட்டலை நடத்துபவர் திரைக்குப் பின்னால் உருட்டட்டும். தோற்றால் முதலில் சந்தேகம் வரட்டும், பிடிபடுவது அதற்குப் பிறகு. நான்காவது, கட்டத் தாளில் காவலனை வைக்கும்போதே அவன் முகம் எந்தப் பக்கம் என்று பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டு, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அவன் திரும்புவான் என்பதையும் ஓரத்தில் குறித்துவையுங்கள். அந்தக் கடைசி 20 அடியைக் கடக்க முடியுமா என்று உங்களிடம் அனுமதி கேட்பதை விட்டுவிட்டு, அவன் எப்போது திரும்புகிறான் என்று உங்கள் மேசையின் ரோக் கேட்க ஆரம்பிப்பார்.